பொங்கலுக்கு ஒரு வாசல் பலகை

காகிதத் தோரணம் ஓசூர் அருகே சானமாவு பக்கத்துப் பனிக்கு இரண்டு நாள்கூடத் தாங்காது. மரப்பலகையில் ஒருமுறை எழுதினால் வருஷாவருஷம் மாட்டலாம்.

1. ஓசூர் சிப்காட் கம்பெனிகளுக்குச் சரக்கு வரும் பேக்கிங் மரம் பழைய மரக்கடையில் கிடைத்தால், 'ஹெச்.டி.' முத்திரை உள்ளதை எடுங்கள். அது சூட்டில் பதப்படுத்தியது. 'எம்.பி.' முத்திரை வேண்டாம். அது மெத்தில் புரோமைடு புகை போட்ட மரம்.

2. ஆணிகளைப் பிடுங்கிய பிறகே ஒன்றரை அடிக்கு அறுங்கள். ஆணியில் பட்டால் ரம்பப் பல் போகும்.

3. உப்புத்தாளை மர ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள்: முதலில் 80, பிறகு 120. குறுக்கே தேய்த்தால் கீறல் பெயின்டுக்கு மேலும் தெரியும்.

4. 'பொங்கலோ பொங்கல்' என்று காகிதத்தில் எழுதி, பின்பக்கம் சாக்பீஸ் தேய்த்து, பலகைமேல் வைத்துப் பேனாவால் அழுத்தி வரையுங்கள். கடைசி 'ல்' இடமில்லாமல் நசுங்காது.

5. எழுத்துக்குத் தட்டைத் தூரிகை. புள்ளிக்குத் தீக்குச்சியின் பின்முனை. ஒரே ஒற்றலில் உருண்டையாக விழும்.

6. நன்றாகக் காய்ந்ததும் வார்னிஷ் மெல்லிசாக இரண்டு பூச்சு. ஈரம் இறங்காது.

7. கயிற்றுத் துளையை ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். விளிம்பில் போட்டால் மரம் பிளக்கும்.

8. மறுபக்கம் சும்மா இருக்க வேண்டாம். யுகாதி வாழ்த்து எழுதுங்கள். பங்குனியில் திருப்பி மாட்டினால் அக்கம்பக்கத்துத் தெலுங்கு, கன்னட வீட்டாருக்கும் சந்தோஷம்.