சுகாதாரப் பாடம்: அடிக்கடி நியூமோனியா வரும் ஆண் பிள்ளை



"மலைக்குளிர்தானே, சளி பிடிக்கத்தான் செய்யும்" என்று நாம் சொல்வது வழக்கம். பிள்ளைமடுவத்துப் பிள்ளைக்குச் சளி வருவதும் சகஜம். ஆனால் ஒரே பிள்ளைக்கு நியூமோனியாவும் காதில் சீழும் திரும்பத் திரும்ப வந்தால் குளிர்மேல் மட்டும் பழி போடக்கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

நோய்க்கிருமிகளை எதிர்க்க நம் இரத்தத்தில் பிறபொருளெதிரிகள் உள்ளன. இவற்றை உண்டாக்குபவை பீ கலங்கள். இந்தக் கலங்கள் எலும்பு மச்சையில் பிறந்து, படிப்படியாக வளர்கின்றன. ஒவ்வொரு படியிலும் "மேலே வளரலாம்" என்ற சமிக்ஞை கலத்துக்குள் போக வேண்டும். காலையில் பிரட்டில் பேர் போட்டால்தானே மலைக்குப் போகலாம்? அதுபோலத்தான். சமிக்ஞை கிடைக்காத கலம் அங்கேயே அழிந்துவிடும்.

அந்தச் சமிக்ஞையைக் கொண்டுபோகும் நொதியங்களில் ஒன்று 'பீ.ரீ.கே.' இது பழுதானால் பீ கலங்கள் முதிர்வதில்லை, பிறபொருளெதிரியும் இல்லை.

1952இல் அமெரிக்க இராணுவ வைத்தியர் ஒக்டன் புரூட்டன், அடிக்கடி கடும் தொற்றுக்கு ஆளான 8 வயதுப் பையனைப் பரிசோதித்தார். அவன் இரத்தத்தில் பிறபொருளெதிரிகள் அடங்கிய காமா குளோபுலின் இல்லை. அதை ஊசியாக மாதந்தோறும் கொடுத்ததும் பையன் தேறினான். பழுதான பரம்பரையலகு 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. நொதியத்துக்குப் புரூட்டனின் பெயரே வைக்கப்பட்டது.

இந்தப் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால், நோய் அநேகமாக ஆண் பிள்ளைகளையே தாக்கும். தாய் அதைச் சுமந்தாலும் சுகமாகவே இருப்பாள். இது தாயின் குற்றமல்ல; யாரும் அவளை ஏசக்கூடாது. குடும்பத்தில் முன்பு இல்லாமலும் வரலாம்.

கவனிக்க வேண்டியவை:

1. வயிற்றில் இருக்கும்போது தாய் கொடுத்த பிறபொருளெதிரி சில மாதங்களே காக்கும். அதனால் 6 மாதம் அளவில்தான் நோய் தலைகாட்டும்.
2. நியூமோனியா, காதில் சீழ் முதலியன மாறி மாறி வரும். மருந்து கொடுத்தால் சுகமாகும். நிறுத்தினால் மீண்டும் வரும்.
3. தொண்டையில் உள்ள டொன்சில் மிகச் சிறிதாக இருக்கும்.
4. தாய்மாமன்மாரில் யாராவது சிறு வயதில் தொற்றுநோயால் இறந்திருக்கலாம்.

இப்படியிருந்தால் டிஸ்பென்சரி மருந்தோடு நிற்காமல், பிள்ளையை ஆஸ்பத்திரிப் பிள்ளை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் எடுத்துப்போங்கள். தாய்வழிச் சாவு விபரத்தை மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம்.

நோய் உறுதியானால் 3, 4 கிழமைக்கு ஒருமுறை இமியூனோகுளோபுலின் ஏற்றுவார்கள். இது ஆயுள்வரை தேவை. ஒழுங்காக ஏற்றினால் பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம், பெரியவனாகி வேலையும் பார்க்கலாம். நோய் உறுதியான பிள்ளைக்குப் போலியோ சொட்டு போன்ற உயிருள்ள தடுப்பு மருந்து ஆகாது. மற்றப் பிள்ளைகளுக்கோ ஒரு தடுப்பூசியும் தவறக்கூடாது.

நுரையீரல் கெட்டபின் அது பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே இரண்டாம் முறை நியூமோனியா வந்ததுமே, "ஏன் திரும்ப வந்தது, ஐயா?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.