பரபக்கம் எழுதப் பழகுதல்

சித்தாந்த சாத்திரங்களைப் பாடங்கேட்கும் மாணாக்கருட் பலர், சிவஞான சித்தியாரிற் சுபக்கத்தை மட்டும் ஓதிப் பரபக்கத்தைத் தொடாது விட்டுவிடுகின்றனர். மாதவச் சிவஞான முனிவரும் சுபக்கத்திற்கன்றோ பொழிப்புரை செய்தருளினார் என்று அதற்கொரு சமாதானமுங் கூறுவர். உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாக 14 மதத்தார் கொள்கைகளை 301 செய்யுட்களால் எடுத்துரைத்து மறுக்கும் அப்பகுதி, இறந்துபட்ட சமயங்களின் பட்டியலன்று. மாறுபட்ட கருத்துடையார் உளங்கொள்ளுமாறு வாதம் எழுதுதற்கு நம் ஆசிரியர் வகுத்த பாடமேயாம். இதனை யாம் ஓதி அறிந்ததினும் பிழைபட்டு அறிந்ததே மிகுதி.

பாண்டி நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 14-இல் ஒன்றாகிய திருவாடானையில், ஆதிரத்தினேசுவரர் திருக்கோயிலின் அயலே, மாணாக்கர் சிலர்க்கு மாலைப்பொழுதிற் சித்தியார் பாடஞ் சொல்லி வந்தோம். வாதம் பயில்வார்க்கு இவ்வூர்ச் சூழல் ஏற்றதே. கிழக்கே தொண்டித் துறையிற் பள்ளிவாசல்கள். இவ்வட்டத்திலேயே, 1693-இல் அருளானந்தர் கொலையுண்ட ஓரியூரிற் கிறித்தவர் திரள்வர். ஊரினுள்ளே வேதாந்த விசாரணை செய்வாரும் உளர். மாணாக்கர்க்கு மாதிரியாக மாயாவாத மறுப்பொன்றை எழுதி, வேதாந்தங் கற்ற நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தோம். புகழ்வார் என்றே எதிர்பார்த்தோம்.

அவர் இருமுறை படித்துவிட்டு, "ஐயா, தாங்கள் மறுத்திருப்பது நன்றாகவே இருக்கிறது. ஆனால் மறுக்கப்பட்டவன் நானல்லேன்" என்றார்.

உலகம் வெறுஞ் சூனியம் என்பது மாயாவாதியின் கொள்கை என்று எழுதி, அதனைப் பிரத்தியக்க விரோதங் காட்டி வீழ்த்தியிருந்தோம். நண்பர் விளக்கியது இது: முயற்கோடு ஒருகாலுந் தோன்றுவதில்லை, அது துச்சம். கயிற்றரவோ தோன்றுகிறது, அஞ்சுவிக்கிறது, விளக்குக் கொணர்ந்தவுடன் ஒழிகிறது. ஒழிதலின் அதனைச் சத்தென்னலாகாது. தோன்றியதாதலின் அசத்தென்னவும் ஆகாது. உலகும் அவ்வாறே அநிர்வசனீயம் என்பதே அவர்தங் கட்சி. "சூனியம் என்பவன் மாத்தியமிகன். எங்களை அவன் வீட்டிற் குடியேற்றிவிட்டீர்கள்" என்று முடித்தார். (மாத்தியமிகன் அங்கிருந்தால், தன் சூனியமும் வெறும் இன்மையன்று என்று அவனும் எழுந்திருப்பான், அது வேறு வழக்கு.) மாயாவாதம் மறைந்த பௌத்தமே எனப் பழித்தார் பண்டும் உளர். ஆயினும் அது வாதத்தின் முடிவில் நாட்டத்தக்கதேயன்றித் தொடக்கத்திலேயே எதிரியின் வாயில் ஊட்டத்தக்கதன்று. அருணந்தி சிவாசாரியார் மாத்தியமிகனையும் மாயாவாதியையும் வெவ்வேறாக நிறுத்தி வெவ்வேறாகவே மறுத்தமையை யாம் பன்முறை ஓதியும் கருத்திற் கொண்டிலம்.

இத்தலத்திற்கு இப்பெயர் வந்த வரலாறு யாவருமறிந்தது. துருவாச முனிவரை இகழ்ந்த வாருணி ஆட்டுத்தலையும் ஆனையுடலும் பெற்று, ஈண்டு வழிபட்டுச் சாபம் நீங்கினான். மாணாக்கருள் இளையவர் ஒருவர் எம் ஏட்டை நோக்கி, "தலை சங்கரருடையது, உடல் நாகார்ச்சுனருடையது, நம் ஊர்ப்பெயருக்குப் பொருந்தும்" என்றார். கடிந்துகொள்ள இயலவில்லை.

இனி, இப்பிழை நேரும் வாயிலைக் காண்போம். தருக்க நூலார் உரையாடலை வாதம், செற்பம், விதண்டை என மூன்றாகப் பகுப்பர். உண்மை துணிதற்கு நிகழ்வது வாதம். வெற்றியொன்றே கருதுவது செற்பம். தன் கோட்பாடொன்றையும் நாட்டாது பிறர் கோட்பாட்டைச் சிதைப்பது விதண்டை. மதுரையில் ஆளுடைய பிள்ளையார் நிகழ்த்திய அனல்வாதமும் புனல்வாதமும் திருவருளின் செயல். நம்மனோர்க்கு எஞ்சியிருப்பன மேற்கோளும் ஏதுவும் எடுத்துக்காட்டுமே. சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களும் அம்முறையிலேயே நடக்கின்றன. அதிகரணத்தின் உறுப்பு ஐந்தனுள்ளும் விடயம், ஐயம் என்பவற்றின் பின் நிற்பது பூர்வபக்கம். அது நின்ற பின்னரே சித்தாந்தத்திற்கு இடம். நன்னூலார் எழுவகை மதங்களைக் கூறுமிடத்தும் பிறர் மதத்தை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதலை ஒன்றாக வைத்தார். ஏலாததைக் களைவது யாங்ஙனம்? பரபக்கத்திற் சொற்கடுமை இல்லையென்று யாம் சொல்லோம். இளையோர் முதலிற் பற்றிக்கொள்வதும் அக்கடுமையையே. அதற்கு முன்நிற்கும் எடுத்துரைப்பை விட்டுவிடுகின்றனர்.

இவ்வெடுத்துரைப்பால் விளைந்த பயன் ஒன்றுண்டு. அதனை எழுதியோரே எண்ணியிரார். பௌத்த காவியமாகிய குண்டலகேசி முழுதும் கிடைத்திலது. அதனை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசியும், அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் இயற்றிய உரையுமே அந்நூலின் வாதங்களைப் பெரிதும் நமக்குக் காட்டுகின்றன. ஆசீவகரின் தமிழ்நூல் ஒன்றும் இன்றில்லை. 1951-இல் அவர்தம் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய ஏ. எல். பஷாம், தென்னாட்டு ஆசீவகக் கோட்பாட்டை மணிமேகலை, நீலகேசி, சித்தியார்ப் பரபக்கம் ஆகிய மாற்றார் நூல்கள் மூன்றனைக்கொண்டே ஆராய நேர்ந்தது. எம்மைப்போல் எழுதியவர் ஒருவரே எஞ்சியிருப்பின் மாயாவாதத்தின் கதி என்னாம் என்று எண்ணி நாணினோம்.

மாற்றார் மறையை உள்ளே புகுந்து கற்றார்க்கு அண்மைச் சான்று ஆறுமுக நாவலர். பார்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவிய அவர், 1854-இல் சைவ தூஷண பரிகாரம் வெளியிட்டபோது, சைவக் கிரியைகளைப் பழித்தார்க்கு அவர்தம் வேதத்திலுள்ள ஆலய வழிபாட்டு விதிகளையே எடுத்துக் காட்டினார். எதிரி தள்ளவொண்ணாத பிரமாணம் எதிரியின் கையிலேயே இருந்தது.

எம் ஏட்டிற்கு மீள்வோம். அநிர்வசனீயக் கோட்பாட்டை நண்பர் சொன்னவாறே எழுதிக்காட்டி, "இஃது எம் கொள்கையே" என்று அவர் ஒப்பிய பின்னரே வினாவைத் தொடுத்தோம்: அவிச்சைக்கு ஆசிரயம் யாது? பிரமமெனின், தூய அறிவு அறியாமைக்கு இடமாதல் கூடாது. சீவனெனின், சீவத்துவமே அவிச்சையால் வந்ததாதலின் ஒன்றையொன்று பற்றும் அன்னியோன்னியாசிரயம் ஆம். அவர், "வித்தும் முளையும் போல அநாதி" என்றார்; உடனே, "உங்கள் ஆணவமும் அநாதியல்லவா? அநாதியாய், உள்பொருளாயும் இருப்பது எப்படி நீங்கும்?" என்று திருப்பினார். மாணாக்கர் எம் முகத்தை நோக்கினர். விடையைச் சூத்திரமாக ஒப்பிக்கலாம். மாறுபட்டவர் கேட்கும்படி சொல்ல அன்று வரவில்லை.

மூன்று நாட் கழித்து எழுதியது இது. ஆணவத்தைப் பற்றிய உயிர் ஆணவத்தால் ஆக்கப்பட்டதன்று, தானும் அநாதி. ஆகலின் ஒன்றையொன்று பற்றுதற்கு இடமில்லை. நீக்கம் என்றது பொருளின் அழிவன்று, மறைக்குஞ் சத்தி மடங்குதல். அவர் தந்த உவமையிலேயே விடை கிடந்தது: வறுத்த வித்து வித்தாகவே கிடக்கும், முளையாது. எம் பழைய மறுப்பில் இப்பகுதி முற்றும் இல்லை. அவர் கேட்டிராவிடின் இன்றும் இராது.

நண்பர் இதற்கு இணங்கினாரல்லர். வறுத்த வித்தும் வித்தென்றே எண்ணப்படுமாயின் முத்தியிலும் இரண்டு என்னும் எண் எஞ்சுமே என்று ஏட்டின் ஓரத்திற் குறித்திருக்கிறார். மாணாக்கர் அக்குறிப்பைத் தம் ஏடுகளிற் பூர்வபக்கமாகப் பெயர்த்தெழுதிக்கொண்டு, அத்துவிதம் என்னுஞ் சொல்லுக்கு மாபாடியம் கூறும் பொருளை இப்போது பாடங்கேட்டு வருகின்றனர்.