ஏ.சி.யில் பனி கட்டினால் கேஸுக்குப் பணம் கொடுக்கும் முன்...

இம்முறை ஒரு வீட்டுச் சங்கதியை எழுதுகிறோம். வீட்டுச் சங்கதியானாலும் பணம் போவது நமது கல்லாவிலிருந்துதான். நம்மில் பலர் கீழே கடையும் மேலே வீடுமாக இருப்பவர்கள். அந்த வீடுகளில் ஏ.சி.க்கு வரும் ஒரு கோளாறையும், அதனால் நாம் ஏமாந்த கதையையும் சொன்னால் மற்றவர்களாவது தப்பிப்பார்கள்.

விருதுநகரில் நமக்கு மிளகாய் வற்றல், மல்லி மொத்த வியாபாரம். கிடங்கின் மேல்மாடியில்தான் குடியிருப்பு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை இரவில் படுக்கையறை ஏ.சி.யில் காற்று மெல்லக் குறைந்து, விடியற்காலையில் நின்றே போயிற்று. உள் யூனிட்டின் முன்மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று பனிக்கட்டி. வந்த மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில், "கேஸ் இறங்கிப்போச்சு, அண்ணாச்சி" என்றார். நிரப்பினோம். மூன்று வாரத்தில் மறுபடியும் பனி. மறுபடியும் நிரப்பினோம். இரண்டு முறைக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒரு மூட்டை வற்றலின் விலை போயிற்று. மூன்றாம் முறை வேறொரு பெரியவரை அழைத்தோம். அவர் கேஸ் பக்கமே போகவில்லை. உள்ளே உருளை போல் சுழலும் புளோயரைக் கழற்றிக் காட்டினார். அதன் இதழ்களுக்கு இடையே மிளகாய்த் தூசி கம்பளி போல அடைந்திருந்தது. கழுவிய தண்ணீர் சிவப்பாக ஓடியது. அவர் தும்மிய தும்மலில் தெருவே எட்டிப் பார்த்தது. அதன் பிறகு பனி கட்டவில்லை.

பனி கட்டினால் குளிர் அதிகமாகிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உள்ளபடி நடப்பது வேறு. உள் யூனிட்டில் உள்ள கூலிங் காயிலுக்குள் கேஸ் ஆவியாகும்போது, மேலே ஓடும் அறைக்காற்றின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. போதிய காற்று வந்தால் காயில் பூஜ்ய டிகிரிக்கு மேலேயே நிற்கும். காற்றின் ஈரம் அதில் தண்ணீராகி வடிகுழாயில் போய்விடும். காற்று குறைந்தால் வாங்கச் சூடு இல்லாமல் காயில் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. வடிய வேண்டிய தண்ணீர் அங்கேயே உறைகிறது. உறைந்த பனி காற்றை இன்னும் மறிக்கும். பனி மேலும் வளரும். கேஸ் குறைந்தாலும் இதே கதிதான். அழுத்தம் இறங்குவதால் கேஸ் மிகக் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து, காயிலின் ஒரு பகுதியை மட்டும் உறைய வைக்கிறது.

எனவே காற்றுக் குறைவா, கேஸ் குறைவா என்று பிரித்துப் பார்ப்பதில்தான் நமது பணம் இருக்கிறது. பனி கட்டுவதற்கு முன்பிருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். காற்று நன்றாக வீசியும் குளிர்ச்சி நாளுக்கு நாள் குறைந்து வந்ததா? கேஸைச் சந்தேகிக்கலாம். காற்று சில்லென்று இருந்தும் வீச்சு பலவீனமாகிக்கொண்டே வந்ததா? அடைப்பைப் பாருங்கள். பனி காயில் முழுவதும் பரவியிருந்தால் பெரும்பாலும் காற்றுக் குறைவு. கேஸ் நுழையும் பக்கத்தில் மட்டும் இருந்து மற்றப் பகுதி காய்ந்து கிடந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு. நமது மல்லித் தரம் பார்ப்பது போல இதுவும் பழகினால் கைவரும்.

பனியைக் கண்டதும் முதலில் குளிரூட்டலை நிறுத்த வேண்டும். பனியோடு ஓட்டினால் ஆவியாகாத கேஸ் திரவமாகவே கம்ப்ரசருக்குத் திரும்பிப் போகும். கம்ப்ரசர் திரவத்தை அமுக்கச் செய்யப்பட்டதன்று. அது போனால் பாதி இயந்திரம் போனது போல. நமது கம்ப்ரசர் தப்பியது நல்ல காலம். ரிமோட்டில் 'பேன்' நிலையில் மட்டும் ஓட விட்டால் சில மணி நேரத்தில் பனி உருகும். புளோயரே சுழலவில்லையென்றால் மெயின் சுவிட்சை அணைத்துத் தானாக உருக விடுங்கள். கீழே துணியோ வாளியோ வையுங்கள். அவசரப்பட்டுக் கத்தியாலோ திருப்புளியாலோ பனியைச் சுரண்ட வேண்டாம். ஒரு குழாயில் துளை விழுந்தால் கேஸ் குறையாத இயந்திரத்திலும் அப்போது குறைந்துவிடும்.

உருகிய பின், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பில்டரைக் கழற்றி வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். மாவு, வற்றல், பருப்புத் தூசி ஏறும் வீடுகளில் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்வது நல்லது. பில்டர் சுத்தமாக இருந்தும் காற்று வராவிட்டால் காயிலும் புளோயரும் அடைந்திருக்கும். அல்லது புளோயர் மோட்டாரின் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கும். இவை மெக்கானிக்கின் வேலை. மார்கழி இரவில் 16 டிகிரியில் வைத்துத் தூங்குவதும் பனிக்கு வழிவிடும். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியுள்ள ஏ.சி.கள் போட்டவுடன் 24 டிகிரியில் நிற்கும்படி அரசு விதித்திருக்கிறது. நாம்தான் அதைக் கீழே இறக்கிவிடுகிறோம்.

இனி கேஸ் விஷயம். வண்டிக்குப் பெட்ரோல் போல ஏ.சி. கேஸைச் செலவழிப்பதில்லை. அடைத்த குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைச் சாக்கில் சரக்கைக் கொட்டுவது போன்றது. கேஸ் குறைவு என்று சொல்பவரிடம், "கசிவு எங்கே, காட்டுங்கள்" என்று கேளுங்கள். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் பெரும்பாலான கசிவு குமிழியாகத் தெரியும். அடைத்த பிறகு வேக்வம் பம்ப் போட்டுக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகே நிரப்ப வேண்டும். ஆர்-32 கேஸ் தீப்பற்றக் கூடியது. அது உள்ள இயந்திரத்துக்குப் பக்கத்தில் பீடியும் விளக்கும் ஆகாது.

நிரப்புவதும் எடை பார்த்துத்தான். வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் கேஸின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் அச்சிட்டிருக்கும். நூறு கிராம் கடுகைக்கூட எடை போடாமல் கொடுக்காத நாம், இந்த ஒரு சரக்கை மட்டும் இரண்டு முறை கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருக்கிறோம். முதலில் வந்தவரிடம் தராசே இல்லை. இப்போது அந்தத் தகட்டிலுள்ள கிராம் கணக்கைப் பேரேட்டின் பின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறோம். மெக்கானிக் வந்தால் கிடங்கிலிருந்து மின்னணுத் தராசு மாடிக்குப் போகும்.