மெருகும் தூசியும்: கைச் சாண்டர்களை வைத்து ஒரு பாடம்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் மதிலால் இணைத்து நிற்கிறது செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி மட்டுமே. அந்தக் கோட்டைக்குக் கீழே இருக்கும் ஊரில், நம் மாநிலத்தின் எந்த வட்டத் தலைநகரையும் போலவே, கதவு, நிலை, கட்டில், அலமாரி செய்யும் தச்சு வேலையும் நடக்கிறது. நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலருடைய அப்பாவோ மாமாவோ அந்த வேலையில் இருப்பார். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அதே பட்டறைக்குப் போகும் பிள்ளைகளும் உண்டு.

ஒரு தலைமுறைக்கு முன்பு இழைப்புளி ஓட்டிய பிறகு கையில் உப்புத்தாளைப் பிடித்துத் தேய்த்தார்கள். இன்று பெரும்பாலான பட்டறைகளில் மின்சாரச் சாண்டர் ஓடுகிறது. இந்தக் கருவியை எப்படி ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குள் இயக்கம், உராய்வு, வட்டத்தின் சுற்றளவு, உடல்நலம் ஆகிய பாடங்கள் அடங்கியிருக்கின்றன. ஆறாம் வகுப்பு ‘விசையும் இயக்கமும்’, எட்டாம் வகுப்பில் உராய்வு, ஒன்பதாம் வகுப்பு ‘இயக்கம்’ ஆகிய பாடங்களோடு இதை இணைத்து நடத்தலாம். ஒரு கருவியை ஒப்பிடும்போது பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணோடு நிறுத்திவிடாமல், அது மரத்தில் விடும் கீறலையும் மூச்சில் விடும் தூசியையும் சேர்த்து அளக்கப் பழக்குவதே பாடத்தின் நோக்கம்.

முதலில் ஒரு விதி: இந்தப் பாடத்தில் மாணவர் எவரும் மின்கருவியை இயக்கக் கூடாது. எல்லாச் செயல்பாடுகளும் கையால் செய்யத்தக்கவையே.

கருவிகளை அறிவோம்

ஆர்பிட்டல் சாண்டர்: முழு உப்புத்தாளின் கால் பாகத்தைப் பிடித்துக்கொள்ளும் சதுர அடித்தட்டு இதற்கு உண்டு. தட்டு சுழலாது, இருந்த இடத்திலேயே ஏறக்குறைய 2 மி.மீ. விட்டமுள்ள சிறு வட்டமாக அசையும். நிமிடத்துக்கு 14,000 முறை வரை அசையும் கருவிகள் உண்டு. சுமார் 200 வாட் போதும். சதுரமாக இருப்பதால் சட்டத்தின் ஓரம் வரை போகும். கடைசி மெருகுக்கும், பாலிஷ் பூச்சுகளுக்கு இடையே மெல்லத் தேய்ப்பதற்கும் ஏற்றது.

ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர்: வட்டத் தட்டு, பெரும்பாலும் 125 மி.மீ. விட்டம். இதில் இரண்டு இயக்கங்கள் சேர்கின்றன. மோட்டார் தட்டைச் சிறு வட்டமாக அசைக்கிறது. தட்டு தன் பேரிங்கில் தானாகவும் சுழல்கிறது. அதனால் ஒரு மணல்மணி போன தடத்திலேயே மறுபடி போவது அரிது. கீறல்கள் ஒரே திசையில் அடுக்காமல் கலைந்து போகும். மேசைப் பலகை, கதவுப் பலகை போன்ற அகன்ற பரப்புக்குப் பொதுவாக இதையே முதலில் வாங்குகிறார்கள். மூலைக்குள் இது போகாது.

பெல்ட் சாண்டர்: இரண்டு உருளைகள்மேல் உப்புத்தாள் பட்டை நேர்கோட்டில் ஓடும். 600 வாட்டுக்கும் மேலே திறன் வேண்டும். மேடு பள்ளத்தை விரைவாகச் சமன்படுத்தும். மர ரேகையின் போக்கிலேயே ஓட்ட வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் பள்ளம் விழும். தேக்கு முகப்புள்ள பிளைவுட்டில் மேல்தோல் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் பெல்ட் சாண்டரை வைத்தால் சில நொடியில் தோல் போய்விடும்.

டெல்டா சாண்டர்: இஸ்திரிப் பெட்டி போல முக்கோணத் தட்டு. மூலை, ஜன்னல் சட்டம், நாற்காலிக் கால் ஆகியவற்றுக்கானது. பெரிய பரப்புக்கு நேரம் அதிகம் பிடிக்கும்.

இவற்றோடு ஆங்கிள் கிரைண்டரில் உப்புத்தாள் தட்டைப் பொருத்தி மரம் தேய்ப்பதையும் பல இடங்களில் காணலாம். விலை குறைவு, ஏற்கெனவே கையில் இருக்கும் கருவி என்பவை காரணங்கள். அதன் விலையை வேறு வழியில் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கீழே உள்ள கணக்கு காட்டும்.

கணக்கு வகுப்பில்

‘எந்தக் கருவி வேகமானது?’ என்று கேட்டால், நிமிடத்துக்கு 14,000 அசைவு என்று எழுதியிருப்பதையே மாணவர்கள் சுட்டுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து, தாளில் உள்ள ஒரு மணி மரத்தின்மேல் கடக்கும் தூரத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள்.

ஆர்பிட்டல்: விட்டம் 2 மி.மீ. சுற்றளவு 22/7 × 2 மி.மீ. 14,000 முறைக்கு 88,000 மி.மீ., அதாவது நிமிடத்துக்கு 88 மீட்டர். நொடிக்கு ஏறக்குறைய 1.5 மீட்டர்.

ரேண்டம் ஆர்பிட்டல்: அசைவின் விட்டம் 2.5 மி.மீ., நிமிடத்துக்கு 12,000 முறை என்று கொண்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 94 மீட்டர். தட்டின் தற்சுழற்சி இதில் சேரவில்லை.

பெல்ட்: பட்டை நிமிடத்துக்கு 360 மீட்டர் ஓடினால் நொடிக்கு 6 மீட்டர்.

ஆங்கிள் கிரைண்டர்: 100 மி.மீ. தட்டு, நிமிடத்துக்கு 11,000 சுற்று. விளிம்பின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 3,457 மீட்டர். நொடிக்கு 57 மீட்டருக்கும் மேல். மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுகிறது.

14,000 என்ற பெரிய எண்ணைச் சொன்ன கருவிதான் இங்கே மிக மெதுவாகத் தேய்க்கிறது. 11,000 என்றது ஏறக்குறைய நாற்பது மடங்கு வேகம். ஆரம் மாறினால் வேகம் மாறும் என்ற கருத்து இதில் தானாகப் பதியும். கிரைண்டர் மரத்தைக் கருக்குவதும், பிறை வடிவத் தடங்களை விடுவதும், கை தவறினால் ஆழமாக வெட்டுவதும் ஏன் என்பதற்கும் விடை இதில் கிடைக்கும்.

கீறலை அளப்போம்

உப்புத்தாளின் பின்புறம் 80, 120, 180, 240 என்று எண் இருக்கும். எண் கூடக் கூட மணி சிறிதாகும். பன்னாட்டு ‘பி’ அளவுகோலின்படி 80-ஆம் எண்ணின் சராசரி மணி 201 மைக்ரான், 120-க்கு 125, 180-க்கு 82, 240-க்கு 58.5. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை ஒப்பிடச் சொல்லலாம்.

80-ல் தேய்த்தபின் நேராக 240-க்குப் போனால் என்ன ஆகும்? 200 மைக்ரான் மணி உழுத சாலை, 58 மைக்ரான் மணி அழிக்க வேண்டியிருக்கும். மேலோட்டமாக வழவழப்பாகத் தெரியும். பாலிஷ் ஏறியதும் பழைய கீறல் கருத்த கோடாக எழும். படிப்படியாகப் போவதன் காரணம் இதுதான். எவ்வளவு உயர்ந்த கருவி வாங்கினாலும் இந்தப் படியைத் தாண்ட முடியாது.

செயல்பாடு 1: வண்ணம் பூசாத ஒரே பலகையை நான்கு கட்டமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். ஒரு மரக்கட்டையில் 120-ஆம் எண் தாளைச் சுற்றி, அதன்மேல் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலைக் கட்டிக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் ரேகையின் போக்கில் நேராக, இரண்டாவதில் ரேகைக்குக் குறுக்காக, மூன்றாவதில் சிறு வட்டமாக, நான்காவதில் வட்டமாக அசைத்தபடியே கட்டையையும் மெல்லத் திருப்பி, தலா 50 முறை தேய்க்கச் சொல்லுங்கள். எல்லாக் கட்டத்திலும் எடை, தாள், எண்ணிக்கை ஒன்றே. மாறுவது இயக்கம் மட்டும். பென்சில் கோடு எங்கே மிச்சம் என்று பார்த்தால் தேய்ப்பு சீராக இருந்ததா என்று தெரியும். பிறகு ஈரத்துணியால் துடைத்து, கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கீறல்கள் எழுந்து தெரியும். உருப்பெருக்கி இருந்தால் இன்னும் நல்லது.

இதைத் திறந்த வெளியில், முகக்கவசத்தோடு செய்யுங்கள். தூசியை ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள்.

செயல்பாடு 2: பாட்டிலுக்குப் பதில் கையால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கட்டும். உராய்வு கூடும், தாள் விரைவில் அடைத்துக்கொள்ளும். ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டரை அழுத்தினால் தட்டின் தற்சுழற்சி நின்றுபோய்ச் சுருள் சுருளாகக் கீறல் விழுவதும் இதே காரணத்தால்தான். கருவியின் சொந்த எடையே பெரும்பாலும் போதும்.

தூசியும் ஒரு அளவுகோல்

ஒப்பீட்டுப் பட்டியலில் விலை, வாட், எடை என்று எழுதும் மாணவர்களிடம், ‘தூசி எங்கே போகிறது?’ என்ற வரியையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசியை 1995-ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது. மூக்கின் உட்பகுதியிலும் அதை ஒட்டிய எலும்பறைகளிலும் வரும் புற்றுநோயோடு இதற்குத் தொடர்பு உண்டு. ஆஸ்துமா, தோல் அரிப்பு ஆகியவை அதற்கு முன்பே வரும்.

தரையில் குவியும் தூள் கண்ணுக்குத் தெரியும். காற்றில் நெடுநேரம் மிதந்து மூச்சோடு உள்ளே போகும் நுண்தூசி தெரியாது. கருவியோடு வரும் சிறு பை பெரிய துகளைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். வேக்யூம் கிளீனர் குழாயைப் பொருத்தும் வசதி இருக்கிறதா என்பதையே தேர்வின் முதல் கேள்வியாக வைக்கலாம். கிரைண்டரில் பொதுவாக அப்படி ஒரு வசதி இருப்பதில்லை. அது தூசியை அறை முழுவதும் வீசுகிறது. கைக்குட்டை கட்டுவது நுண்தூசியைத் தடுக்காது. என்95 அல்லது எஃப்எஃப்பி2 வகைக் கவசம் வேண்டும்.

சத்தமும் கணக்கில் வரும். அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் வரை போகலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 94 டெசிபல் என்றால் எவ்வளவு நேரம் என்பது ஒரு நல்ல மனக்கணக்கு. விடை: ஒரு மணி நேரம்.

கோட்டைக் கல்லும் இதே பாடம்தான்

செஞ்சி மலைகள் கருங்கல் மலைகள். கிரானைட்டில் குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா, கணிசமாக உண்டு. கல்லை உலர்ந்த நிலையில் கிரைண்டரால் தேய்க்கும்போது வரும் சிலிக்காத் தூசியும் அதே முதல் பிரிவில் இருக்கிறது. சிலிக்கோசிஸ் என்ற ஆறாத நுரையீரல் நோயையும் தருகிறது. கல்லுக்கு மரத்தின் சாண்டரைப் பயன்படுத்தக் கூடாது. கல் வேலையில் தண்ணீர் விட்டு நனைத்தே தேய்க்க வேண்டும்.

கோட்டைக்குக் களப்பயணம் போனால் வேங்கடரமணர் கோயில் தூண்கள், கல்யாண மகால், களஞ்சியங்கள் ஆகியவற்றின் பரப்புகளைப் பார்த்து, எது உளி தெரியும் கரடு, எது மெருகு, எது சுண்ணச் சாந்துப் பூச்சு என்று குறிப்பெழுதச் சொல்லலாம். கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில் சுரண்டுவதும் தேய்ப்பதும் கூடாது. பழைய கல்லின் மேற்பரப்பே அதைச் செய்தவரின் கைத்தடம். ஒருமுறை தேய்த்தால் திரும்ப வராது. எதைத் தேய்க்கக் கூடாது என்று அறிவதும் மெருகு வேலையின் ஒரு பகுதி.

நம் பள்ளியில் தேய்க்கும்போது

விடுமுறையில் பெஞ்சு, ஜன்னல், பீரோ ஆகியவற்றைத் தேய்த்து வண்ணம் அடிக்கும் வேலை பல பள்ளிகளில் நடக்கும். வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய பழைய வண்ணத்தில் ஈயம் அதிகம் இருக்கக்கூடும். அதை உலர்வாகச் சாண்டரில் தேய்த்தால் ஈயத்தூசி வகுப்பறைத் தரையிலும் ஜன்னல் விளிம்பிலும் படியும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் கேடு. அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

எனவே தலைமையாசிரியரும் பொறுப்பாசிரியரும் கவனிக்க வேண்டியவை:

• தேய்ப்பு வேலை பிள்ளைகள் இல்லாத நாளில் மட்டும்.
• பழைய வண்ணமாக இருந்தால் நனைத்த தாளால் கையில் தேய்க்கச் சொல்லுங்கள்.
• சத்துணவுக் கூடத்தையும் குடிநீர்த் தொட்டியையும் மூடி வையுங்கள்.
• முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் செய்யுங்கள்.
• வேலை செய்பவருக்குக் கவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். அவரும் நம் மாணவர் ஒருவரின் அப்பாவாக இருக்கலாம்.
• கருவி இணைக்கும் மின்இணைப்பில் கசிவுத் துண்டிப்பான் உள்ளதா என்று பாருங்கள்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. ஒரு சாண்டரின் அசைவு விட்டம் 5 மி.மீ., நிமிடத்துக்கு 7,000 அசைவு. ஒரு மணி நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் கடக்கும்? (விடை: 110)
2. தேக்கு முகப்புள்ள பிளைவுட் அலமாரிக் கதவு, பழைய கட்டில் கால், மேடுபள்ளமான வேங்கைப் பலகை: ஒவ்வொன்றுக்கும் எந்தச் சாண்டர்? காரணம் கூறுக.
3. செயல்பாடு 1-ல் பாட்டிலை ஒரு கட்டத்துக்கு மட்டும் எடுத்துவிட்டால் ஒப்பீடு ஏன் செல்லாது?
4. உன் வீட்டிலோ தெருவிலோ மரவேலை செய்பவர் ஒருவரிடம் கேட்டு எழுது: எந்தக் கருவி, எந்த எண் தாள், தூசிக்கு என்ன ஏற்பாடு?

நான்காவது வினாவின் விடைகளை அடுத்த வகுப்பில் கரும்பலகையில் பட்டியலிடுங்கள். தூசிக்கு ஏற்பாடு எதுவும் இல்லை என்ற விடை எத்தனை பேரிடமிருந்து வருகிறது என்று எண்ணி, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதைப் பேசுபொருளாக வையுங்கள்.