சொல்லின்றி ஆடிய துயரம்

நுழையும்முன்

மேடையில் ஒரு சொல்லும் பேசாமல், இசையாலும் உடலசைவாலும் கதையை நிகழ்த்தும் ஐரோப்பிய நடனக்கலை பாலே. உரையாடலால் புகழ்பெற்ற துன்பியல் நாடகம் ஒன்று அம்மேடைக்கு வரும்போது சொற்களின் இடத்தை எது நிரப்பும்? மரணத்தை ஆடிக்காட்ட இயலுமா?

நாடகமும் இசையும்

இத்தாலியின் வெரோனா நகரில் பகைகொண்ட இரு குடும்பங்களில் பிறந்தவர்கள் ரோமியோவும் ஜூலியட்டும். மறைவாக மணந்துகொண்ட அவ்விருவரும், உரிய நேரத்தில் வந்து சேராத ஒரு செய்தியால் உயிர் துறக்கின்றனர். ஷேக்ஸ்பியரின் இந்நாடகத்தைத் தழுவி, ரஷ்ய இசையமைப்பாளர் செர்கேய் புரோகோபியேவ் 1935ஆம் ஆண்டில் பாலே இசையை உருவாக்கினார்.

மாற்றிய முடிவு

முதலில் அவர் கதையின் முடிவை மாற்றியிருந்தார். ரோமியோ இறப்பதற்குள் ஜூலியட் விழித்துவிட, காதலர் உயிருடன் இணைவர். உயிருள்ளோர் ஆடலாம், இறப்போர் எவ்வாறு ஆடுவர் என்பதே அவர் கூறிய காரணம். பின்னர் நடன அமைப்பாளர்களுடன் கலந்து பேசியபோது, துயர முடிவையும் நடனத்தால் உணர்த்த இயலும் எனத் தெளிந்தார். இறுதிப் பகுதிக்குப் புதிதாக இசை எழுதினார். எனினும், ஆடுவதற்கு ஏற்றதன்று எனக் கூறி மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கு இவ்விசையை ஏற்கவில்லை. 1938இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ நகரிலேயே இப்பாலே முதன்முதலில் அரங்கேறியது. 1940இல் லெனின்கிராடு நகரின் கிரோவ் அரங்கில் லாவ்ரோவ்ஸ்கியின் நடன அமைப்பில் கலினா உலனோவா ஜூலியட்டாக ஆடினார்.

ஆட இயலாமையே ஆடலாக

1965இல் இலண்டனில் கென்னத் மாக்மில்லன் அமைத்த நடனம், புரோகோபியேவின் பழைய ஐயத்திற்கு விடை போன்றது. கல்லறைக் காட்சியில், ஜூலியட் இறந்துவிட்டாள் என நம்பும் ரோமியோ, அசைவற்ற அவள் உடலைத் தூக்கி, முன்பு மகிழ்ந்து ஆடிய அசைவுகளை மீண்டும் ஆட முயல்கிறான். அவள் கைகள் துவண்டு விழுகின்றன. இருவர் ஆடவேண்டிய நடனத்தை ஒருவன் மட்டும் ஆடுகிறான். பிரிவின் கொடுமையைச் சொல்ல வேறு சொல் தேவைப்படவில்லை. கலைவடிவத்திற்கு ஏற்பக் கதையின் துயரைக் குறைக்க எண்ணிய இடத்தில், துயருக்கு ஏற்பக் கலைவடிவமே வளர்ந்தது.

தெரிந்து தெளிவோம்

1956இல் போல்ஷோய் குழுவினருடன் இலண்டன் சென்ற உலனோவா, தம் 46ஆம் வயதில் இளம்பெண் ஜூலியட்டாக ஆடிப் பெரும்புகழ் பெற்றார்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் படித்த கதையொன்றின் பிரிவுக் காட்சியை உரையாடலின்றி நடித்துக் காட்டுக.
2. தழுவும்போது மூலக்கதையின் முடிவை மாற்றலாமா? வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.