நோய்க்குறியிலிருந்து நூலடுக்கு வரை

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள தங்கைக்கு,

கால்நடைச் செவிலியத்தில் நூலகத் தேடல் ஒரு நல்ல கேள்வியில் தொடங்குகிறது. ‘நாய்க்கு எலிக்காய்ச்சல்’ என்பது தலைப்பு. அதை மட்டும் கொண்டு தேடினால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் வந்து குவியும். பணிக்கு உதவுவது அவற்றில் எது என்று தெரியாது. ‘எலிக்காய்ச்சல் கண்ட நாயின் சிறுநீர் பட்ட கூண்டை எதைக் கொண்டு கழுவினால் பணியாளருக்குத் தொற்றாது?’ என்பது கேள்வி. எந்த விலங்கு, என்ன நோய், என்ன செயல், என்ன பயன் என்ற நான்கும் அதில் அடங்கியுள்ளன. இந்த நான்கையும் தாளில் எழுதிய பிறகே நூலகத்துக்குள் நுழைய வேண்டும்.

மும்பைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்த பின் நகரில் எலிக்காய்ச்சல் பரவியது. இந்நோயின் கிருமி எலி, நாய், மாடு ஆகியவற்றின் சிறுநீரில் வெளியேறி, தேங்கிய நீரில் கலந்து, தோலில் உள்ள காயங்களின் வழியே உடலில் நுழைகிறது. தாராவியின் குறுகிய சந்துகளில் மனிதரும் நாயும் ஆடும் ஒரே தண்ணீரில்தான் நடக்கிறார்கள். அங்கே விலங்கைப் பேணுபவரின் அறிவு மனிதரையும் காக்கிறது.

கேள்விக்கு அடுத்தது பெயர். ஆட்டுக்காரர் ‘கோமாரி’ என்பார்; மராட்டியக்காரர் அதே நோயை ‘லாள்யா குர்குத்’ என்பார்; நூலகப் பட்டியலில் அது ‘ஃபுட் அண்ட் மௌத் டிசீஸ்’ என்ற தலைப்பில் இருக்கும். எலிக்காய்ச்சல் ‘லெப்டோஸ்பைரோசிஸ்’, ஆட்டுக்கொல்லி நோய் ‘பி.பி.ஆர்.’ தேடத் தொடங்கும் முன் ஒவ்வொரு நோய்க்கும் வழக்குப் பெயர், ஆங்கிலப் பெயர், கிருமியின் அறிவியல் பெயர் ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஊர்ப் பெயரிலும் கவனம் தேவை. 1995 வரை இந்த நகரத்தின் அதிகாரப்பூர்வ ஆங்கிலப் பெயர் ‘பாம்பே’. ‘மும்பை’ என்று மட்டும் தேடுபவருக்கு அதற்கு முந்தைய ஆய்வுகளில் பெரும்பகுதி தென்படாது.

பெயர் கிடைத்தபின் நூலடுக்கு. பல நூலகங்கள் பின்பற்றும் டியூவி பகுப்பு முறையில் கால்நடை வளர்ப்பின் எண் 636. கால்நடை மருத்துவத்தின் எண் 636.089. மனித மருத்துவ எண்ணில் 61-க்குப் பின் வரும் இலக்கங்களை இதனோடு சேர்த்தால் அதே துறையின் கால்நடைப் பிரிவு கிடைக்கும். மனிதர்க்கான செவிலியம் 610.73, ஆகவே கால்நடைச் செவிலியம் 636.089073. இந்த அமைப்பு புரிந்தவர், பட்டியல் பழுதாகிக் கிடக்கும் நூலகத்திலும் அடுக்கை நேராகச் சென்றடைவார். வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்று 1931-இல் வெளியான தம் ஐந்து விதிகளில் ஒன்றாக வகுத்தவர், சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ்.ஆர். ரங்கநாதன். ஆகவே தெரியாததை நூலகரிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. அவர் இருப்பதே அதற்காகத்தான்.

மும்பையில் இத்துறைக்கான முதன்மை இடம் பரேல். 1886-இல் தொடங்கிய பாம்பே கால்நடை மருத்துவக் கல்லூரி, இன்று மும்பை கால்நடை மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் அங்கே இயங்குகிறது. பார்சி வள்ளல் தின்ஷா பெட்டிட்டின் கொடையால் எழுந்த பாய் சாகர்பாய் விலங்கு மருத்துவமனையும் அங்கேதான். மாட்டுங்காவில் ரயில் ஏறினால் தாதருக்கு அடுத்த நிலையம் பரேல். வேறு நிறுவனத்தில் படிப்பவர், தம் நிறுவனத்தின் கடிதத்தோடு முன்கூட்டியே நூலகரிடம் அனுமதி கேட்பது முறை.

உள்ளே சென்றதும் எதை எதற்காக எடுப்பது என்பதில் தெளிவு வேண்டும். நோயின் இயல்பை அறியப் பாடநூல். மருந்தளவு, வெப்பநிலை, நாடித்துடிப்பு போன்றவற்றை உடனே பார்க்கக் கையேடு. அண்மைக் கண்டுபிடிப்புக்கு ஆய்விதழ். 1924 முதல் சென்னையிலிருந்து வரும் ‘இந்தியன் வெட்டரினரி ஜர்னல்’ அத்தகைய ஒன்று. நம் ஊர் விலங்குகளைப் பற்றி அறிய முதுநிலை ஆய்வேடு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘ஷோத்கங்கா’ தளத்திலும், வேளாண், கால்நடைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ‘கிருஷிகோஷ்’ தளத்திலும் கிடைக்கின்றன. ‘மெர்க் கால்நடைக் கையேடு’ இணையத்தில் இலவசம். ‘பப்மெட்’ தளத்தில் கட்டுரைகளின் சுருக்கங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம்.

இத்தகைய தளங்களில் சொற்களை இணைக்கும் முறைதான் தேடலின் நுட்பம். ‘ஆண்ட்’ என்பது இரண்டு சொல்லும் உள்ள கட்டுரைகளை மட்டும் தந்து எண்ணிக்கையைக் குறைக்கும். ‘ஆர்’ என்பது இரண்டில் எது இருந்தாலும் தந்து எண்ணிக்கையைக் கூட்டும். ஒரே பொருளுள்ள சொற்களை ‘ஆர்’ கொண்டு அடைப்புக்குறிக்குள் சேர்த்து, வெவ்வேறு பொருளுள்ளவற்றை ‘ஆண்ட்’ கொண்டு இணைக்க வேண்டும்: (டாக் ஆர் கேனைன்) ஆண்ட் லெப்டோஸ்பைரோசிஸ் ஆண்ட் (பாம்பே ஆர் மும்பை). கட்டுரைகள் மிகக் குறைவாகக் கிடைத்தால் முதலில் ஊர்ப் பெயரை விட்டுவிட்டுத் தேடலாம். நல்ல கட்டுரை ஒன்று அகப்பட்டால் அதன் இறுதியில் உள்ள மேற்கோள் பட்டியல், முன்னோர் செய்த பணிக்கு வழி காட்டும்.

கிடைத்ததைச் சோதிப்பது தேடலின் மிக முக்கியமான கட்டம். முதலில் ஆண்டைப் பார்க்க வேண்டும். மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் ஒரு காலத்தில் டைக்ளோஃபினாக் பரவலாகக் கொடுக்கப்பட்டது. அம்மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிவதை 2004-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு நிறுவியது. இந்தியாவெங்கும் அக்கழுகுகள் பெருமளவில் அழிந்தன. பார்சிகள் இறந்தோரின் உடலைக் கழுகுகளுக்கு விடும் மலபார் ஹில் அமைதிக் கோபுரங்களிலும் அவை இல்லாமற்போயின. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. அதற்கு முன் அச்சான பாடநூல் இன்றும் ஏதாவது ஒரு நூலகத்தின் அடுக்கில் இருக்கும். அதன் பரிந்துரையும் மாறாமல் இருக்கும். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் பதிப்பாண்டைப் பார்க்காமல் எந்த மருந்துச் செய்தியையும் எடுத்தாளக் கூடாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது விலங்கினம். மனிதர் நாள்தோறும் விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அதைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கக்கூடும். நாயைப் பற்றிய கட்டுரையைக் கொண்டு பூனைக்கோ, ஆட்டைப் பற்றியதைக் கொண்டு எருமைக்கோ முடிவு செய்வது ஆபத்து. மூன்றாவது, சொல்பவர் யார் என்பது. மருந்து விற்கும் நிறுவனத்தின் துண்டறிக்கைக்கும், பிற அறிஞர்கள் சரிபார்த்து வெளியிடும் ஆய்விதழுக்கும் உள்ள வேறுபாட்டை மறக்கக் கூடாது.

சோதித்துத் தேறியதைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும்: கேள்வி, ஆசிரியர், நூல் அல்லது இதழின் பெயர், ஆண்டு, பக்கம், கண்ட விடை தம் சொந்தச் சொற்களில். எலிக்காய்ச்சல் கேள்விக்கான பதிவு இப்படி அமையும்: கிருமி ஈரத்தில் வாழும், உலர்ந்தால் மடியும், பிளீச்சிங் கரைசல் அதைக் கொல்லும், கையுறையும் முழங்கால் வரையிலான காலணியும் தேவை, சிறுநீர் தெறிக்கும்படி அழுத்தத்தோடு தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. இவ்வாறு எழுதி வைத்த குறிப்பு, மறுநாள் பணிக்கு வரும் வேறொருவருக்கும் பயன்படும்.

தேடலுக்குச் சட்டத்தின் எல்லையும் உண்டு. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி, பட்டயமோ சான்றிதழோ பெற்ற பணியாளர், மாநில அரசு அனுமதித்தால், பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் சிறு மருத்துவப் பணிகளைச் செய்யலாம். நூலில் கண்ட மருந்தைத் தாமே தீர்மானித்துக் கொடுக்கும் உரிமை அதில் இல்லை. பக்கத்தையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டிக் கேட்பதே சரியான வழி. தனக்கு வலிப்பதைச் சொல்ல முடியாத உயிருக்கு, அவ்வாறு ஆதாரத்தோடு கேட்கும் செவிலியரைவிடப் பெரிய துணை இல்லை.

அன்புடன்,
அண்ணன்