கடற்பயிரும் பருவமும்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து திரும்புகையில் நண்பர் ஒருவர் என்னை நிறுத்தி, "குமரிமுனைக்குக் கிழக்கேயும் உப்புநீர், மேற்கேயும் உப்புநீர். இரண்டின்மேலும் அதே வெயில்தான் அடிக்கிறது. பின் ஏன் அரபிக்கடலே வளம் மிக்கது என்கிறீர்கள்?" என்று கேட்டார். அன்று நின்றபடியே சொன்ன விடை அவருக்கும் நிறைவளிக்கவில்லை, எனக்கும் அளிக்கவில்லை. ஆகவே சற்று விரிவாக இங்கு எழுதுகிறேன்.

நிலத்தில் ஆடுமாடுகளுக்குப் புல் எவ்வாறோ, அவ்வாறே கடல்வாழ் உயிர்களுக்குத் தாவர மிதவையுயிர்கள். கண்ணுக்குத் தெரியாத இந்த நுண்ணுயிர்கள் வெயிலைக் கொண்டு தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. உலகில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி இவற்றால் நடைபெறுகிறது. இவற்றுள் பல குலங்கள் உண்டு. சிலிக்காவால் ஆன கண்ணாடிப் பேழைக்குள் வாழ்வன டயாட்டம்கள். சாட்டை போன்ற இழைகளால் நீந்துவன டைனோபிளாஜெல்லேட்டுகள். காற்றிலிருந்து நீரில் கரைந்த நைட்ரஜனையே உரமாக்கிக்கொள்ளும் நீலப்பச்சைப் பாசிகளும் உள.

இப்பயிருக்கு வேண்டுவன இரண்டு: ஒளியும் உரமும். நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் என்பனவே உரங்கள். ஒளி மேல்நீரில் உண்டு; உரமோ பெரும்பாலும் ஆழத்தில் கிடக்கிறது. நம் விடுதியில் விளக்கு மாடியில் மட்டும் எரிந்து, சாப்பாடு தரைத்தளத்தில் மட்டும் கிடைத்தால், படிக்கட்டு இல்லாமல் நாம் என்ன செய்வோம்? கடலில் அந்தப் படிக்கட்டாக உதவுவது காற்று. அது எங்கு, எப்பொழுது, எவ்வளவு வலுவாக வீசுகிறது என்பதைப் பொறுத்தே பயிரின் அளவும் வகையும் அமைகின்றன.

அரபிக்கடலில் இப்படிக்கட்டு ஆண்டுக்கு இருமுறை திறக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, சோமாலியா, ஓமன் கரைகளில் மேல்நீரைக் கரையை விட்டு விலக்க, உரம் மிக்க குளிர்ந்த நீர் அடியிலிருந்து எழும்புகிறது. கேரளக் கரையிலும் இந்நாட்களில் இதுவே நிகழ்கிறது. பின்னர் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, வடக்கு அரபிக்கடலில் வறண்ட குளிர்காற்று மேல்நீரைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்க, நீர் கலங்கி உரம் மேலே வருகிறது. இவ்விரு பருவங்களுக்கும் இடையே, வெயில் மிக்க கோடையில், கடல் அசையாது நிற்கும். அப்பொழுது நைட்ரேட் இன்றியும் வாழவல்ல டிரைகோடெஸ்மியம் என்னும் நீலப்பச்சைப் பாசி, மரத்தூள் தூவியது போல் நீர்மேல் படர்கிறது.

வங்கக்கடலின் கதை வேறு. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எனப் பேராறுகள் பல அதில் வந்து விழுகின்றன. நன்னீர் எடை குறைந்ததாகையால் உப்புநீரின்மேல் மூடிபோல் மிதக்கிறது. அங்கே வீசும் காற்றோ அம்மூடியை உடைக்கும் அளவுக்கு வலியதன்று. மழைக்கால மேகமும் ஆற்று வண்டலும் ஒளியையும் குறைக்கின்றன. எனவே ஆறுகள் அத்தனை வந்தும் நடுக்கடலில் பயிர் மெலிந்தே காண்கிறது. புயல் வந்தால் மட்டும் மூடி உடைகிறது. 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலுக்குப் பின் கடலில் பச்சையம் மிகுந்ததை, அதே ஆண்டில் ஏவப்பட்ட நம் நாட்டுச் செயற்கைக்கோள் ஓஷன்சாட்-1 படம் பிடித்தது.

இவற்றை நான் ஏட்டில் படித்திருந்தும் ஒரு தவறு செய்தேன். முதுகலை முதலாண்டில், மே மாதத்தில், ஆலப்புழைக்கு அருகே வள்ளத்தில் சென்று நீர் எடுத்துவந்தேன். அயோடின் கரைசல் இட்டுப் படியவைத்து, ஒரு மில்லிலிட்டர் கொள்ளும் கண்ணாடித் தட்டில் ஊற்றி, நுண்பெருக்கியின் கீழ் எண்ணினேன். அங்குமிங்கும் சில உயிரணுக்கள். அரைமணியில் வேலை முடிந்தது. "வளங்குன்றிய கரை" என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் படித்துவிட்டு, "பங்குனியில் வயலைப் பார்த்துவிட்டு இங்கே நெல் விளையாது என்று எழுதுவீரா? ஜூலையில் மறுபடி போய் வாரும்" என்றார்.

ஜூலையில் அதே இடத்திற்குச் சென்றேன். மழைக்காலத்தில் அங்கே, கேரளத்தார் சாகரா என்று கூறும் சேற்றுத்திட்டு அலைகளை அடக்கிக் கடலைக் குளம்போல் ஆக்கியிருந்தது. நீர் குளிர்ந்து பச்சையாக இருந்தது. அன்றெடுத்த நீரை எண்ணி முடிக்க எனக்கு இரண்டு நாட்கள் பிடித்தன. தட்டு நிறையச் சங்கிலி சங்கிலியாக டயாட்டம்கள்! வள்ளத்துப் பெரியவரிடம் வியந்து கூறினேன். "நீர் குளிர்ந்தால் மத்தி வரும், இது தெரியாதா?" என்று அவர் சிரித்தார். நாம் சாளை என்னும் அதே மீன்தான் மத்தி. மேற்குக் கரையில் பிராஜிலேரியா ஓஷனிகா என்னும் டயாட்டம் மிகுந்தால் மத்தியும் மிகும் என்று ஆர். வி. நாயரும் ஆர். சுப்பிரமணியனும் 1955-இல் எழுதியுள்ளனர்.

இது வெறும் ஆராய்ச்சி விளையாட்டன்று. கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் சுமார் 3,300 டன்னாகக் குறைந்தது. அடுத்த ஆண்டே மீண்டும் ஏறிற்று. மீன்குஞ்சுகளை வாரியது முதலாகக் காரணங்கள் பல கூறுவர்; கடற்பயிரின் மாற்றமும் அவற்றுள் ஒன்று. வடக்கு அரபிக்கடலின் குளிர்காலப் பயிரில், டயாட்டம்கள் பெருகிய இடத்தில், இந்நூற்றாண்டில் நாக்டிலூகா என்னும் ஒளிரும் உயிர் பெருகி வருகிறது. பெரும்பாலான மீன்களுக்கு அது நல்ல இரையன்று. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் நீலமாய் மின்னிய அலைகளும் அவ்வுயிராலேதான். மறு மாதம் மன்னார் வளைகுடாவில் அதன் பச்சை வகை பெருகி, பிராணவாயு குன்றி, மீன்கள் செத்து ஒதுங்கின. ஆகவே பயிர் எவ்வளவு என்று கேட்பதோடு, எந்தப் பயிர், எந்த மாதத்தில், எந்தக் கரையில் என்றும் கேட்டாக வேண்டும்.

செயற்கைக்கோள் மேல்நீரின் நிறத்தைக் காட்டும். அதிலுள்ள உயிர்களின் பெயரைப் பெரும்பாலும் சொல்லாது. அதற்கு ஒருவர் மாதந்தோறும் ஒரே இடத்தில் நீர் எடுத்து எண்ணத்தான் வேண்டும். விடுமுறையில் கடற்கரை ஊர்களுக்குச் செல்லும் நண்பர்கள், நீரின் நிறத்தையும், வீசும் காற்று கச்சானா வாடையா என்பதையும், கரைமடியில் விழுந்த மீனையும் தேதியுடன் குறித்து வந்தால் நன்றியுடன் பெற்றுக்கொள்வேன். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக் குறித்தால் இன்னும் நலம்.